அட்டை குத்தும் மெசினில் கிளச்சும் பிறேக்கும்: தண்டு எங்கே நிற்கிறது?

ஜக்கார்ட் தறிக்கு (துணியின் கோலத்தைத் துளையிட்ட அட்டைகள் சொல்லும் நெசவுத் தறி) அட்டை குத்தும்போது ஒரு துளை நீளவாக்கில் இழுபட்டு வந்துவிட்டது என்று வையுங்கள். அட்டையை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், துளையின் ஒரு விளிம்பு கத்தரித்ததுபோலச் சுத்தமாக இருக்கும். எதிர் விளிம்பு நார் நாராகக் கிழிந்திருக்கும். கனபேர் உடனே பஞ்சை, அதாவது துளை வெட்டும் உருக்குக் கம்பியை, கழற்றித் தீட்டப் போவார்கள். பஞ்ச் பாவம், அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. அது அட்டைக்குள் நின்ற நேரத்தில் அட்டை நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏன் நகர்ந்தது என்று தேடிக்கொண்டு போனால், மெசினின் பக்கவாட்டில், மூடிக்குள் இருக்கும் பிறேக் லைனிங்கில் (உராய்ந்து நிறுத்தும் பட்டையில்) ஒரு துளி எண்ணெய் இருக்கும்.

இந்தத் துளை அங்கே எப்படிப் போய் முடிகிறது என்பதை விளங்கிக்கொண்டால், கிளச், பிறேக் இரண்டும் விளங்கிவிடும்.

இலங்கையின் கிழக்கில் நெசவென்றால் மருதமுனையும் காத்தான்குடியும்தான் முதலில் நினைவுக்கு வரும். திருகோணமலையில் தறியைவிடத் தையல் மெசின்தான் கண்ணுக்குப் பழக்கம். அதனால் தறிப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். துணி என்பது நெடுக்கே ஓடும் பாவு நூலுக்குக் குறுக்கே ஊடு நூல் போவது. ஒவ்வொரு ஊடு நூல் போகும்போதும் எந்தப் பாவு நூல்கள் மேலே எழும்பவேண்டும், எவை கீழேயே கிடக்கவேண்டும் என்பதுதான் கோலத்தைத் தீர்மானிக்கிறது. 1725இல் பசீல் பூஷோன் இதற்குத் துளையிட்ட கடதாசிச் சுருளைக் கொண்டுவந்தார். பிறகு 1804 அளவில் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்ட் உருவாக்கிய கருவியில், கோத்துக் கட்டிய அட்டைகள் அந்த வேலையைச் செய்தன. ஓர் அட்டை ஓர் ஊடு நூலுக்கு. துளை இருக்கும் இடத்தில் தறியின் ஊசி உள்ளே நுழையும், அதனோடு சேர்ந்த கொக்கி மேலே போகும், பாவு எழும்பும். துளை இல்லாவிட்டால் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், பாவு கீழேயே இருக்கும்.

400 என்று சொல்லப்படும் சாதாரண அட்டையில் 51 குறுக்கு வரிசைகள், ஒவ்வொன்றிலும் 8 இடங்கள், மொத்தம் 408. பியானோ வகை அட்டை குத்தும் மெசினில் இருப்பவர், கோலம் வரைந்த கட்டத்தாளைப் பார்த்து, ஒரு வரிசைக்கு வேண்டிய கட்டைகளை விரல்களால் அழுத்துவார். அழுத்திய கட்டை தன் பஞ்சைப் பூட்டும். பிறகு காலால் மிதிக்க, பஞ்சுகள் எல்லாம் ஒன்றாக இறங்கும். பூட்டிய பஞ்ச் அட்டையை வெட்டிக்கொண்டு கீழேயுள்ள இரும்புத் தட்டின் துளைக்குள் போகும். பூட்டாதது அட்டையில் தட்டுப்பட்டு மேலே விலகிவிடும். தலை மேலே வரும்போது, அட்டையைக் கவ்விய வண்டி பற்சட்டத்தில் ஒரு பல் நகரும். அடுத்த வரிசை. 400 ஊடு நூல் கொண்ட கோலமென்றால் 400 அட்டை, 400 தரம் 51, அதாவது 20,400 அடி. ஆயிரம் அடிக்கு ஒன்று பிழைத்தாலும் துணியில் இருபது இடத்தில் தெரியும்.

காலால் மிதித்துக் குத்தும் பழைய மெசினில் கிளச் தேவையில்லை, மனிதக் கால்தான் கிளச்சும் பிறேக்கும். மோட்டரைப் பூட்டியதும்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

மோட்டர் சுவிட்சைப் போட்டு ஓர் அடி, நிறுத்தி மறு அடி என்று ஏன் வேலை செய்ய முடியாது? மோட்டர் முழு வேகத்துக்கு வர நேரம் எடுக்கும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வழமையைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். நிறுத்தினாலும் உடனே நிற்காது. நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது தரம் அப்படிச் செய்தால் மாலைக்குள் சுருள் கருகிவிடும். அதனால் மோட்டரை ஓடவிட்டு, அது சுழற்றும் பிளைவீலையும் (பாரமான சில்லு) ஓடவிட்டு, பஞ்சை இறக்கும் தண்டை மட்டும் வேண்டியபோது அதனோடு சேர்த்து வேண்டாதபோது பிரிக்கிறோம். அப்படிச் சேர்த்துப் பிரிக்கும் பாகம்தான் கிளச்.

தையற்கடையில் ஜூக்கி மெசின் மேசைக்குக் கீழே தொங்கும் கிளச் மோட்டரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மெசின் தைக்காமல் நிற்கும்போதும் மோட்டர் "ஊம்" என்று இரைந்துகொண்டிருக்கும். பெடலை முன்னே அழுத்தினால் தக்கைத் தட்டு பிளைவீலில் போய் ஒட்டும், ஊசி ஓடும். காலை எடுத்தால் அதே தட்டு பின்னால் வந்து பிறேக்கில் ஒட்டும், ஊசி நிற்கும். ஒரே தட்டின் ஒரு முகம் கிளச்சுக்கு, மறு முகம் பிறேக்குக்கு. தையற்காரருக்கும் அட்டை குத்துபவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தையலில் ஊசி எங்கே நின்றாலும் கையால் சில்லைத் திருப்பி மேலே எடுத்துக்கொள்ளலாம். அட்டை குத்தும் மெசினில் தண்டு சரியாக ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட உச்சியிலேயே வந்து நிற்கவேண்டும். ஒவ்வொரு தரமும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை பாகங்களும்.

தண்டின் ஒரு சுற்றை 360 பாகையாகப் பிரித்துப் பாருங்கள். பஞ்ச் உச்சியில் இருப்பது 0. உதாரணத்துக்கு, 20 மி.மீ. இறங்கி ஏறும் ஒரு தலையில், 120 பாகையில் பஞ்ச் அட்டையைத் தொடும். 180இல் அடி மட்டம். 240இல் அட்டையை விட்டு வெளியே வரும். 270 தாண்டியபின் வண்டி நகர அனுமதி கிடைக்கும். 360இல், அதாவது மறுபடி 0இல், தண்டு ஓய்வெடுக்கும். வண்டி நகர்ந்து அதிர்வு அடங்குவதற்கும், அடுத்த கட்டைகள் முழுதாக அழுந்துவதற்கும் இந்த ஓய்வுதான் நேரம் தருகிறது. தண்டு 0ஐத் தாண்டிப் போய் 100 பாகையில் நின்றால், அடுத்த மிதிக்குப் பஞ்ச் அட்டையை அடைய 20 பாகைதான் மிச்சம். கட்டை பாதி பூட்டிய நிலையிலேயே பஞ்ச் இறங்கிவிடும். துளை விடுபடும், அல்லது பாதிப் பள்ளமாகப் பதியும். இன்னும் தாண்டி 120ஐக் கடந்தால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பஞ்ச் அட்டைக்குள் இருக்கும். தொடக்கத்தில் சொன்ன கிழிந்த துளை அதுதான்.

இனிக் கிளச். பழைய, எளிய, இன்றும் ஓடுகிற வகை முளைக் கிளச். பிளைவீல் தண்டின்மேல் ஒரு வெண்கலப் புஸ்ஸில் (தண்டைச் சுற்றியுள்ள குழலில்) சும்மா சுற்றும். அதன் பக்கவாட்டு முகத்தில் குழிகள் இருக்கும். தண்டில் இறுகப் பூட்டிய கழுத்துவளையத்துக்குள் ஒரு உருக்கு முளை. அதற்குப் பின்னால் ஸ்பிறிங். ஸ்பிறிங் முளையைப் பிளைவீலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் ஆப்புப்போல் சரிந்த முகமுடைய ஒரு நெம்பு, முளையின் வெட்டில் புகுந்து அதை இழுத்துப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் நெம்பு விலகும். முளை பாய்ந்து, அடுத்து வரும் குழியில் விழும். தண்டு பிளைவீலோடு சுற்றும். ஒரு சுற்று முடிய, இதற்குள் ஸ்பிறிங்கால் தன் இடத்துக்குத் திரும்பிய நெம்பின் சரிந்த முகத்தில் முளை ஏறும். ஏற ஏறக் குழியிலிருந்து வெளியே இழுபடும். தண்டு பிரிந்துவிடும்.

காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தால் நெம்பு திரும்பாது, மெசின் அடித்துக்கொண்டே போகும். அதனால் நல்ல மெசின்களில் பெடலுக்கும் நெம்புக்கும் இடையே ஒரு விடுபடு கொளுக்கி இருக்கும்; தண்டு பாதிச் சுற்றுப் போகும்போது அதுவே கழன்று நெம்பை விட்டுவிடும். கால் பெடலில் கிடந்தாலும் ஓர் அடிதான். பழைய மெசின் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். சிலர் "வேகமாக வேலை நடக்கும்" என்று இந்தக் கொளுக்கியைக் கம்பியால் கட்டிவைத்திருப்பார்கள். அந்தக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

பிளைவீலில் எத்தனை குழி என்பதும் கைக்குத் தெரியும். நிமிடத்துக்கு 150 சுற்று ஓடும் பிளைவீல் ஒரு சுற்றுக்கு 0.4 செக்கன் எடுக்கும். ஒரே குழியென்றால், மிதித்தபின் முளை அதிகபட்சம் அந்த 0.4 செக்கனும் காத்திருக்கவேண்டி வரலாம்; நான்கு குழியென்றால் 0.1 செக்கன். ஒற்றைக் குழி மெசினில் வேலை பழகியவர்கள் மிதித்துவிட்டு ஒரு கணம் கட்டையை விடாமல் பிடித்திருப்பார்கள். அந்தப் பழக்கம் இல்லாதவர் விரலை எடுத்தபிறகு பஞ்ச் இறங்கும், வரிசை வெறுமையாகப் போகும். மெசினில் பழுது ஒன்றும் இல்லை.

முளைக் கிளச் கெட்டுப்போகும் விதங்கள் இரண்டு மூன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் காதுக்குத் தெரியும். முளையின் விளிம்பு உருண்டு தேய்ந்தால், குழியில் விழுந்ததும் பாரம் வரும் நேரத்தில் வழுக்கி வெளியே வரும்: எட்டுத் துளை வரிசையில் "டக்" என்று ஒரு சத்தம், பஞ்ச் அட்டையில் பாதியில் நிற்கும். நெம்பின் ஸ்பிறிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ நெம்பு நேரத்துக்குத் திரும்பாது, ஒரு மிதிக்கு இரண்டு அடி விழும். இது அட்டைக்கும் கெடுதல், விரலுக்கும் ஆபத்து. இரட்டை அடி ஒருமுறை வந்தாலே மெசினை நிறுத்துங்கள், "அப்பப்ப வரும், பரவாயில்லை" என்று ஓட்டாதீர்கள். மூன்றாவது, பிளைவீல் புஸ் எண்ணெயின்றி வறண்டால், முளை வெளியே இருந்தாலும் பிளைவீல் தண்டை மெல்ல இழுத்துக்கொண்டு போகும். ஓய்வில் நிற்கவேண்டிய தலை நூல் நூலாக இறங்குவதைக் கண்டால் புஸ்ஸைப் பாருங்கள். எண்ணெய் விடும்போது இரண்டு மூன்று துளி போதும்; வாளியால் வார்த்தால் மிச்சம் பிறேக்கை நோக்கித்தான் ஓடும்.

முளை பிரிந்தவுடன் தண்டு நின்றுவிடுமா? இல்லை. தண்டு, அதன் சுற்றலைத் தலையின் ஏற்ற இறக்கமாக மாற்றும் மையம் விலகிய வட்டு, பஞ்ச் தலை எல்லாம் ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் இன்னும் இருக்கின்றன. அந்த ஓட்டத்தை விழுங்குவதுதான் பிறேக்கின் வேலை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டர், 70 மி.மீ. புல்லி, 500 மி.மீ. பிளைவீல்: தண்டு ஏறத்தாழ 200 சுற்று. தண்டோடு சுற்றும் பாகங்களின் சடத்துவத் திருப்பம் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு) 0.02 கிலோகிராம் சதுர மீற்றர் என்று கொண்டால், அதில் இருக்கும் சக்தி 4.4 யூல் அளவு. பிறேக் 5 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசையில் பிடித்தால், நிற்பதற்குள் தண்டு சுமார் 50 பாகை போகும். ஆகவே 360இல் நிற்கவேண்டுமென்றால் 310இலேயே பிறேக் பிடிக்கத் தொடங்கவேண்டும். தண்டில் ஒரு குமிழ்வட்டு (ஒரு பக்கம் புடைத்த வட்டு) வைத்து, அந்தக் கோணத்தில் பிறேக்கை இறுக்குவதும் மற்ற நேரத்தில் தளர்த்துவதும் இதற்காகத்தான்.

இந்தக் கணக்கில் கையில் பிடித்துக்கொள்ளவேண்டியது ஒன்று: சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேலை விரைவாக நடக்கட்டும் என்று 70 மி.மீ. புல்லியைக் கழற்றி 100 மி.மீ. போட்டால், தண்டின் வேகம் 200இலிருந்து 288க்குப் போகும், ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆனால் பிறேக் தூரம் 50 பாகையிலிருந்து 100ஐத் தாண்டிவிடும். 310இல் பிடித்த பிறேக் இப்போது 360இல் நிறுத்தாது, அடுத்த சுற்றின் 50 பாகைக்கு மேல்தான் நிறுத்தும். "புல்லிதானே மாற்றினோம், பிறேக்கைத் தொடவே இல்லையே" என்று தலையைச் சொறிவார்கள். புல்லியை மாற்றினால் பிறேக்கை மாற்றியதுபோலத்தான்.

பட்டிப் பிறேக் என்பது தண்டிலுள்ள பீப்பாயைச் சுற்றி, உள்பக்கம் லைனிங் ஒட்டிய உருக்குப் பட்டியை இறுக்குவது. முக்கால்வாசிச் சுற்று, 270 பாகை, பட்டி அணைத்திருக்கும். கிணற்றுக் கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு கையால் பெரிய பாரத்தைப் பிடிக்கலாமே, அதே தந்திரம்: பீப்பாய் சுற்றும் திசை பட்டியைத் தானே இழுத்து இறுக்கும். உராய்வுக் குணகம் 0.3 என்றால், இறுக்கமான முனையின் இழுவை தளர்ந்த முனையினதைப்போல நான்கு மடங்கு. லைனிங்கில் எண்ணெய் படிந்து குணகம் 0.1க்கு இறங்கினால், அது 1.6 மடங்குதான். பிறேக்காக வேலை செய்வது இரண்டு முனைகளுக்கும் இடையிலான வித்தியாசம் என்பதால், 3.1 பங்காக இருந்தது 0.6 பங்காகச் சுருங்குகிறது. ஐந்திலொன்று! தட்டுப் பிறேக்கில் அதே எண்ணெய் மூன்றிலொன்றாகத்தான் குறைக்கும். பட்டிப் பிறேக் பலமானது, ஆனால் அழுக்குக்கு ரோசமானது. 50 பாகையில் நின்ற தண்டு எண்ணெய்ப் பட்டியில் 250 பாகை ஓடினால் எங்கே போய் நிற்கும்? 310 உடன் 250ஐக் கூட்டி, 360ஐக் கழியுங்கள்: 200. பஞ்ச் அட்டைக்குள். வண்டி நடுவழியில்.

இதே தந்திரத்துக்கு மறுபக்கமும் உண்டு. மூன்று பேஸ் மோட்டருக்கு வயர் மாற்றியபோது இரண்டு கம்பி இடம் மாறிப் பூட்டப்பட்டால் மோட்டர் எதிர்த்திசையில் சுற்றும். அப்போது பட்டி தன்னை இறுக்காது, தளர்த்திக்கொள்ளும். பிறேக் பலம் கிட்டத்தட்ட நாலிலொன்றாகிவிடும். வயர் வேலை நடந்தபின் முதலில் பிளைவீல் சுற்றும் திசையைப் பாருங்கள். முளைக் கிளச்சின் ஆப்பு நெம்பும் ஒரு திசைக்குத்தான் செய்யப்பட்டது.

பிறேக்கை அளவுக்கு மேல் இறுக்கினால் என்ன? முளைக் கிளச்சில் இதுதான் புதியவர் செய்யும் பெரிய பிழை. முளை நெம்பின் சரிவில் முழுவதும் ஏறி வெளியே வருவதற்கு முன் தண்டு நின்றுவிடும். முளையின் நுனி குழியின் வாயில் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். பிளைவீல் ஒவ்வொரு சுற்றிலும் அதை உரசி "கட், கட், கட்" என்று தட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கிளச் பழுது என்று முளையை மாற்றுவார்கள். புது முளையும் ஒரு மாதத்தில் உருண்டுபோகும். பிறேக் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் சத்தம் போய்விடும். மாறாகப் பிறேக் தளர்வாக இருந்தால் வேறு சத்தம்: ஒவ்வொரு அடியின் முடிவிலும் முளை நெம்பில் போய் "டொம்" என்று மோதும். நெம்பின் முகத்தில் பள்ளம் விழும்; சில சமயம் மோதிய தண்டு பின்னுக்கும் துள்ளும்.

உராய்வுத் தட்டுக் கிளச் இதைவிட மென்மையானது. குழிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, எந்தக் கோணத்திலும் பிடிக்கும், பாரம் கூடினால் உடைவதற்குப் பதிலாக வழுக்கும். எவ்வளவு பிடிக்கும் என்பது நான்கு எண்களின் பெருக்கம்: உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, சராசரி ஆரை, உராயும் முகங்களின் எண்ணிக்கை. 0.3, 200 நியூட்டன், 0.06 மீற்றர், 2 முகம்: 7.2 நியூட்டன் மீற்றர். எண்ணெய் பட்டால் 2.4. ஒரு துளை வெட்டும்போது போதும். எட்டுத் துளைக்கு எட்டு மடங்கு விசை வேண்டும், தட்டு வழுக்கும். இதிலிருந்து ஒரு நல்ல அடையாளம் கிடைக்கிறது. நிறையத் துளையுள்ள வரிசைகளில் மட்டும் மெசின் திணறினால் கிளச்சைப் பாருங்கள். ஒரு துளை வரிசையிலும் எட்டுத் துளை வரிசையிலும் ஒரே மாதிரிப் பிழை வந்தால் பிறேக்கைப் பாருங்கள்.

கணினியோடு பூட்டிய புதிய மெசின்களில் மின்காந்தக் கிளச்சும் மின்காந்தப் பிறேக்கும் அருகருகே இருக்கும், பெரும்பாலும் 24 வோல்ற் நேரோட்டத்தில். சுருளுக்கு மின்னோட்டம் போனால் தட்டு இழுபட்டு ஒட்டும். ஓய்வில் தட்டுக்கும் முகத்துக்கும் இடைவெளி சிறிய அளவுக் கிளச்சில் 0.2 முதல் 0.5 மி.மீ. வரை, தையற்கடை ஊசித் தடிப்பைவிடக் குறைவு. லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும், ஒருநாள் காந்தம் இழுக்கமாட்டாது. பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்று இல்லாமல் இந்த வகையைத் தொடவேண்டாம்.

இதில் ஒரு பிழை மட்டும் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு திருத்தப் போய் வருவது. சுருளை நிறுத்தும்போது எழும் மின்பொறி சுவிட்சைக் கருக்காமல் இருக்கச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோட் (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போடுவார்கள். சரிதான், ஆனால் வெறும் டயோட் போட்டால் மின்னோட்டம் சுருளுக்குள்ளேயே சுற்றி மெதுவாகத்தான் அடங்கும். கிளச் விடுவதற்குத் தாமதமாகும். நிமிடத்துக்கு 200 சுற்று என்பது செக்கனுக்கு 1200 பாகை. 30 மில்லிசெக்கன் தாமதம் 36 பாகை. அதே நேரத்தில் பிறேக்கும் பிடிக்கத் தொடங்கியிருக்கும், இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துச் சூடாகும். டயோட்டோடு தொடராக ஒரு தடையோ, செனர் டயோட்டோ, வேரிஸ்ரரோ சேர்த்தால் மின்னோட்டம் விரைவாக விழும். உற்பத்தியாளர் எதைப் போட்டிருந்தாரோ அதையே திருப்பிப் போடுவது எல்லாவற்றிலும் நல்லது.

சரி, தண்டு எங்கே நிற்கிறது என்று எப்படி அளப்பது? பஞ்ச் தலையின் உயரத்தைப் பார்த்து அளக்கமுடியாது. உச்சிக்கு அருகே தண்டு திரும்பினாலும் தலை அசைவதில்லை: 20 மி.மீ. தலையில், உச்சியிலிருந்து 10 பாகை விலகினால் தலை இறங்குவது 0.15 மி.மீ., தலைமயிர் இரண்டின் தடிப்பளவுதான். கண் ஏமாறும். தண்டின் நுனியிலுள்ள 200 மி.மீ. வட்டின் விளிம்பில் பாருங்கள். அங்கே அதே 10 பாகை 17 மி.மீ.க்கு மேல். மின்சாரத்தை நிறுத்தி, பிளைவீல் முழுதாக அடங்கும்வரை பொறுங்கள். சுவிட்சை நிறுத்திய பிறகும் பிளைவீலில் ஓர் அடிக்கான பலம் மிச்சம் இருக்கும். கை போகும் விபத்துகள் அந்த இடைவெளியில்தான் நடக்கும். பிறகு தண்டைக் கையால் உச்சிக்குக் கொண்டுவந்து, வட்டின் விளிம்பில் வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டி, அதற்கு நேரே மெசின் சட்டத்தில் ஒரு கோடு கீறுங்கள். பிளாஸ்ரரில் இரு பக்கமும் 17 மி.மீ.க்கு ஒரு கோடு.

இனி மெசினை ஓடவிட்டு, பழைய அட்டை ஒன்றில் பத்து ஒற்றை அடி. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் சட்டக்கோடு பிளாஸ்ரரில் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் புள்ளி வையுங்கள். பத்துப் புள்ளியும் ஒரே இடத்தில், ஆனால் உச்சியிலிருந்து 8 பாகை தள்ளி இருந்தால் பயப்படத் தேவையில்லை. பிறேக்கின் குமிழ்வட்டையோ நெம்பின் இடத்தையோ 8 பாகை திருப்பினால் முடிந்தது. புள்ளிகள் மணல்போலச் சிதறி, ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று இருந்தால் எந்தத் திருப்பலும் உதவாது. லைனிங்கில் எண்ணெய், மினுமினுத்துப்போன மேற்பரப்பு, பீப்பாயில் துரு, தளர்ந்த பட்டி ஆணி, இவற்றில் ஒன்றுதான். சிதறலை முதலில் தீர்த்துவிட்டு அப்புறம் இடத்தைச் சரிப்படுத்துங்கள். தலைகீழாகச் செய்பவர்கள் நாள் முழுக்க நட்டைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

நட்டை அரை அரைச் சுற்றாகவே இறுக்குங்கள், ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் மறுபடி பத்து அடி. எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெற்றோலில் கழுவிக் காயவைத்தால் இரண்டு நாள் நன்றாகப் பிடிக்கும். பிறகு ஓடிச் சூடாகும்போது உள்ளே ஊறியது திரும்பக் கசியும். மாற்றுவதே மலிவு. ஓட்டோ, மோட்டார் சைக்கிள் பிறேக்குக்கு லைனிங் ஒட்டித் தரும் கடையில் பட்டியைக் கொடுத்தாலே செய்து தருவார்கள். பழைய லைனிங்கின் தடிப்பை மட்டும் கலிப்பரில் அளந்து சொல்லிவிடுங்கள். மினுமினுப்பு மட்டுமென்றால் மணற்கடதாசியால் குறுக்கே உரசினால் போதும். பழைய மெசினில் லைனிங் கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) ஆக இருக்கலாம். அதை வறட்சியாக உரசவோ காற்றால் ஊதவோ கூடாது, அப்படியே மாற்றிவிடுங்கள்.

திருகோணமலைக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. மூன்று பக்கமும் கடல். உட்துறைமுகக் கரையிலோ உப்புவெளிப் பக்கமோ இருக்கும் மெசினில், வெள்ளி மாலை மூடிய பிறேக் பீப்பாய் திங்கள் காலை மஞ்சள் நிறத்தில் இருக்கும். மெல்லிய துரு முதலில் லைனிங்கைக் கவ்விப் பிடிக்கும், தண்டு உச்சிக்கு முன்பே நிற்கும். பத்திருபது அடியில் துரு உரசிப் போனதும் பழைய நிலைக்கு வரும். ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழையில் இது தினமும் நடக்கும். காலையில் முதல் இருபது அடியைக் கழிவு அட்டையில் அடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பீப்பாயில் துருவுக்கு எண்ணெய் பூசிவைக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். அந்த மாதங்களில் அட்டையும் ஈரம் குடித்துத் தடிக்கும், துளையின் அடியில் மயிர்போலத் தூசு தொங்கும். அது பஞ்சும் அட்டையும் சம்பந்தப்பட்ட விஷயம், பிறேக்கோடு சேர்க்கவேண்டாம். அட்டைக் கட்டுகளைப் பலகைப் பெட்டியில் மூடி, நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தாலே பாதி குறையும்.

கடைசியாக, மெசினைத் திறக்காமலே அட்டையிடம் கேட்கக்கூடிய ஒரு கேள்வி. குத்தி முடித்த அட்டையைச் சரியான அட்டை ஒன்றின்மேல் வைத்து, தொடக்கத்துப் பெரிய துளைகளைப் பொருத்தி, மறுமுனையைப் பாருங்கள். குத்தியது ஒரு வரிசை மிஞ்சியிருந்தால், நடுவில் எங்கோ ஒரே வரிசை இரண்டுதரம் விழுந்திருக்கும்: இரட்டை அடி, கிளச்சின் நெம்பு அல்லது அதன் ஸ்பிறிங். ஒரு வரிசை குறைந்திருந்தால், எங்கோ இரண்டு வரிசைத் துளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கும்: தண்டு உச்சிக்கு வராமல் நின்றதால் வண்டி பல் விடவில்லை. அதற்கு இறுகிய பிறேக் காரணமாக இருக்கலாம், பற்சட்டத்தின் கொளுக்கி தேய்ந்ததும் காரணமாக இருக்கலாம். எது என்று பிரிக்க, தண்டைக் கையால் மெல்லத் திருப்பி உச்சிக்குக் கொண்டுவாருங்கள். வண்டி "கிளிக்" என்று நகர்ந்தால் கொளுக்கியில் பிழையில்லை, பிறேக் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள்.